விட்டவர் பெற்ற ஆயுள்

புகைபிடித்தல் தீங்கு என்பதை இன்று பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால் அப்பழக்கத்தை விட்டவருக்கு என்ன நேர்கிறது? இழந்த நலம் மீளுமா? மீளுமாயின் எந்த அளவுக்கு, எத்தனை ஆண்டுகளில்? இவ்வினாக்களுக்கு உறுதியான விடை காண உலகுக்கு அரை நூற்றாண்டுக் காலம் தேவைப்பட்டது. அந்த விடையின் வரலாறு நம் இல்லங்களில் பலரும் அறியாதது.

அதனை அறிவது ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பீடியோ சிகரெட்டோ சுருட்டோ பழகிவிட்ட பெரியவர்களிடம் விடச் சொன்னால், "முப்பது வருடம் குடித்தாயிற்று, இனி விட்டு என்ன ஆகப்போகிறது?" என்பார்கள். இன்னும் சிலர், "இன்னார் விட்டார், விட்ட மறு வருடமே போய்ச் சேர்ந்தார்" என்று சான்றும் காட்டுவார்கள். இவ்விரு கூற்றுகளும் நெடுங்காலம் அறிஞர்களையும் குழப்பியவையே. அவற்றுக்கு விடை கண்ட வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பெருகிய புகை, பெருகிய நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சிகரெட் கையால் சுற்றப்பட்ட பொருளாகவே இருந்தது. 1880களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பான்சாக் என்னும் அமெரிக்க இளைஞர், சிகரெட் சுற்றும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் சிகரெட் மலிவாயிற்று. முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு உணவோடு சிகரெட்டும் வழங்கப்பட்டது. போர் முடிந்து இல்லம் திரும்பிய வீரர்கள் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பிரிட்டனில் வளர்ந்த ஆண்களுள் ஐவரில் நால்வர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர்.

அதே காலத்தில் வேறொன்றும் பெருகிற்று. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தோர் எனப் பதிவானவர்கள் 1922ஆம் ஆண்டில் 612 பேர். 1947ஆம் ஆண்டில் 9,287 பேர். இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழப் பதினைந்து மடங்கு. நோயறியும் முறைகள் சிறந்ததால்தான் எண்ணிக்கை கூடிற்று என்றனர் சிலர். சாலைகளில் இடப்படும் தாரே காரணம் என்றும், மோட்டார் வண்டிகளின் புகையே காரணம் என்றும் ஐயுற்றோர் பலர். சிகரெட்டை ஐயுற்றோர் சிலரே. ஏனெனில் அது எங்கும் நிறைந்திருந்தது. எங்கும் நிறைந்திருக்கும் ஒன்றின் மீது ஐயம் எழுவது அரிது.

ஐயுற்ற சிலர் முன்பே இருந்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும். 1938இல் அமெரிக்கப் பேராசிரியர் ரேமண்ட் பேர்ல், புகைபிடிப்போரின் ஆயுள் குறுகியது என்று கணக்கிட்டுக் காட்டினார். 1939இலும் 1943இலும் ஜெர்மனியில் வெளியான ஆய்வுகள் நுரையீரல் புற்றுநோயைப் புகையிலையோடு தொடர்புபடுத்தின. போரின் இரைச்சலில் அவை உலகின் செவியை எட்டவில்லை.

இருவர் தொடங்கிய ஆய்வு

1947ஆம் ஆண்டில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இப்புதிரை ஆஸ்டின் பிராட்போர்ட் ஹில் என்னும் புள்ளியியல் அறிஞரிடம் ஒப்படைத்தது. 1897இல் பிறந்த ஹில், மருத்துவராக விரும்பியவர். முதல் உலகப் போரில் கடற்படை விமானப் பிரிவில் பணியாற்றியபோது காசநோய் அவரைப் பற்றிற்று. படுக்கையில் கிடந்தபடியே அஞ்சல் வழியில் பொருளாதாரம் பயின்று, பின்னர்ப் புள்ளியியலுக்கு வந்து சேர்ந்தார். மருத்துவராக இயலாத அவரே, எண்களின் வழியே மருத்துவத்துக்கு அரும்பணி ஆற்றினார். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தின் பயனை முறையான சோதனையால் நிறுவியவர்களுள் அவரும் ஒருவர்.

அவருக்குத் துணையாக 1948இல் வந்து சேர்ந்தவர் ரிச்சர்ட் டால். 1912இல் பிறந்த இவர் மருத்துவர். புகைபிடிக்கும் பழக்கமும் உடையவர். தொடக்கத்தில் சாலைத் தாரின் மீதே இவருடைய ஐயம் இருந்தது.

லண்டன் நகரின் இருபது மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகளிடம் விரிவான வினாக்கள் கேட்கப்பட்டன. நுரையீரல் புற்றுநோயாளர் 709 பேர். அவர்களுக்கு ஒப்பான வயதினராய், பிற நோய்களுக்காக வந்தோர் 709 பேர். புற்றுநோயுற்ற ஆண்கள் 649 பேருள் புகைபிடிக்காதவர் இருவர் மட்டுமே என்பது தெரியவந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட அதே எண்ணிக்கை ஆண்களுள் புகைபிடிக்காதவர் 27 பேர்.

அந்த ஆய்வில் கருதத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. வினவும்போது புற்றுநோயாளர் எனக் கருதப்பட்டு, பின்னர் வேறு நோயினர் எனத் தெளிந்தவர் சிலர் இருந்தனர். கேட்டவர்களின் முன்முடிவு விடைகளைத் திரித்திருக்குமானால், இவர்களும் மிகுதியாகப் புகைத்தவர்களாகவே பதிவாகியிருக்க வேண்டும். ஆனால் இவர்களின் பழக்கம் பிற நோயாளிகளின் பழக்கத்தையே ஒத்திருந்தது. ஆய்வின் நேர்மைக்கு இது நற்சான்றாயிற்று.

1950 செப்டம்பர் 30ஆம் நாள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இம்முடிவு வெளியாயிற்று. அவ்வாண்டு மே மாதத்திலேயே அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டர், எவார்ட்ஸ் கிரஹாம் ஆகிய இருவரும் இதனை ஒத்த முடிவை வெளியிட்டிருந்தனர். ஆய்வு முடியும் முன்பே டால் தம் பழக்கத்தைக் கைவிட்டார். கைக்கு வந்த எண்களே அவரை விடச் செய்தன.

மருத்துவர்களையே வினவிய மடல்

நோயுற்றோரிடம் கடந்த காலத்தை வினவும் ஆய்வுக்கு ஓர் எல்லை உண்டு. நலமாக இருப்போரின் பழக்கத்தை முதலில் குறித்துக்கொண்டு, பின்னர் அவர்களுக்கு என்ன நேர்கிறது என ஆண்டுதோறும் காத்திருந்து காண்பதே வலிமையான வழி. அதற்கு ஹில் தேர்ந்தெடுத்தது மருத்துவர்களை. அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கும். முகவரி மாறினாலும் தேடிக் கண்டடையலாம். அவர்கள் இறப்பின் காரணமும் தெளிவாகப் பதிவாகும்.

1951 அக்டோபர் இறுதியில் பிரிட்டனின் பதிவுபெற்ற மருத்துவர்கள் ஏறத்தாழ அறுபதாயிரம் பேருக்கு ஒரு சுருக்கமான வினாப்பட்டியல் அனுப்பப்பட்டது. இப்போது புகைபிடிக்கிறீர்களா, முன்பு பிடித்து விட்டுவிட்டீர்களா, ஒருபோதும் பிடித்ததில்லையா என்பவையே அதன் சாரம். மூன்றில் இரு பங்கினர் விடையளித்தனர். அவர்களுள் ஆண்கள் 34,439 பேர்.

'முன்பு பிடித்து விட்டுவிட்டீர்களா' என்ற அந்த ஒரு வினாவே நம் பொருளுக்கு ஊற்றுக்கண். விட்டவர்களைத் தனி வகுப்பாகப் பிரித்துக்கொண்டதால், விட்டவர்க்கு நேர்வதை ஆண்டுதோறும் அளக்க வழி பிறந்தது.

1954 ஜூன் 26ஆம் நாள் முதல் அறிக்கை வெளியாயிற்று. அதற்குள் நுரையீரல் புற்றுநோயால் இறந்த மருத்துவர்கள் 36 பேர். எண்ணிக்கை சிறிதாயினும், புகைக்கும் அளவு கூடக்கூட இறப்பும் கூடியது தெளிவாயிற்று. 1956இல் வெளிவந்த இரண்டாம் அறிக்கையில், விட்டு நெடுநாள் ஆனவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் இறப்பு குறைந்து காணப்பட்டது. பத்தாண்டுக் கணக்கை உரைத்த 1964ஆம் ஆண்டு அறிக்கை இதனை மேலும் உறுதிப்படுத்திற்று.

இரண்டு தடைகள்

எனினும் இதை எளிதில் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எதிர்த்தவர்களுள் முதன்மையானவர், நவீனப் புள்ளியியலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவரான ரொனால்டு பிஷர். அவர் குழாய்வழிப் புகைப்பவர். புகையிலை உற்பத்தியாளர் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். ஆயினும் அவர் எழுப்பிய வினா அற்பமானதன்று. புகையை நாடும் இயல்பும் புற்றுநோய்க்கு ஆட்படும் இயல்பும் பிறப்பிலேயே ஒருங்கே அமைந்திருக்கலாம். இரண்டும் உடன் தோன்றுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது என்பது அவர் வாதம்.

இவ்வாதத்துக்கு விட்டவர்களின் வாழ்வே விடையாயிற்று. பிறவி இயல்பே காரணமாயின், ஒருவர் நாற்பது வயதில் பழக்கத்தைக் கைவிட்டாலும் அவ்வியல்பு அவரை விட்டு நீங்காது. நோயும் குறைய நியாயமில்லை. ஆனால் விட்டவர்க்கு நோய் குறைந்தது; விட்ட காலம் நீள நீள மேலும் குறைந்தது. அது மட்டுமன்று. 1950களிலும் 1960களிலும் மருத்துவர்கள் பெருந்தொகையாகப் புகையைக் கைவிட்டனர்; பிற மக்கள் அவ்வளவாகக் கைவிடவில்லை. நாடெங்கும் நுரையீரல் புற்றுநோய் இறப்பு ஏறிக்கொண்டிருந்த அக்காலத்தில் மருத்துவர்களிடையே அது இறங்கத் தொடங்கிற்று. ஒரு தொழிலைச் சேர்ந்தோர் அனைவரின் பிறவி இயல்பும் பத்தாண்டுகளில் மாறிவிட்டது எனக் கூற எவராலும் இயலாது.

இரண்டாம் தடை, நாம் முன்னர்க் கண்ட வீட்டுப் பேச்சே. 'விட்டார், இறந்தார்' என்னும் காட்சி பொய்யன்று. புகையைக் கைவிட்ட முதல் ஓரிரு ஆண்டுகளில் இறப்போர் எண்ணிக்கை சில கணக்குகளில் உயர்ந்தே காணப்பட்டது. காரணம் எளிது. நெஞ்சுவலி வந்த பின்னரும், இருமலில் இரத்தம் கண்ட பின்னரும் விடுவோர் பலர். நோயே அவர்களை விடச் செய்தது. அவர்கள் உயிரைக் கொண்டதும் அந்நோயே. விட்டதால் இறந்தவர் அல்லர். இறக்கும் நிலை வந்ததால் விட்டவர். இவர்களைப் பிரித்துவிட்டு, நலமாக இருக்கும்போதே விட்டவர்களையும், விட்டுப் பல ஆண்டுகள் கடந்தவர்களையும் நோக்கும்போது உண்மை துலங்குகிறது. அடுத்த முறை யாரேனும் அச்சான்றைக் காட்டினால், "அவர் எதனால் விட்டார்?" என்று கேட்பது நலம். பெரும்பாலும் விடை அக்கேள்வியிலேயே இருக்கும்.

இதற்கிடையே அரசுகளும் பேசத் தொடங்கின. 1962இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரி தன் அறிக்கையை வெளியிட்டது. 1964 ஜனவரி 11ஆம் நாள் அமெரிக்கத் தலைமை அறுவை மருத்துவர் லூதர் டெர்ரி, சிகரெட் ஆண்களிடையே நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்ற முடிவை உலகறிய அறிவித்தார். 1990இல் அதே அலுவலகம் வெளியிட்ட பேரறிக்கை ஒன்று, புகையை விடுவதால் விளையும் நன்மைகளை மட்டுமே முழுப்பொருளாகக் கொண்டிருந்தது. தீங்கை உரைப்பதிலிருந்து மீட்சியை உரைப்பதற்கு மருத்துவ உலகம் வந்து சேர்ந்தது எனலாம்.

ஐம்பது ஆண்டுகளின் விடை

மருத்துவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு நிற்கவில்லை. ஹில் 1991இல் மறைந்தார். டால், தம் மாணவர் நிலையில் வந்து இணை ஆய்வாளரான ரிச்சர்ட் பீட்டோவுடன் பணியைத் தொடர்ந்தார். நாற்பதாண்டுக் கணக்கு 1994இல் வெளியானபோது, தொடர்ந்து சிகரெட் பிடிப்போருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அப்பழக்கத்தாலேயே இறக்கின்றனர் என்பது தெரியவந்தது. முன்னர்க் கருதியதைவிட இது மிகுதி. நீண்ட காலம் காத்திருந்ததாலேயே முழுத் தீங்கும் கண்ணுக்குப் புலனாயிற்று.

2004 ஜூன் 26ஆம் நாள், முதல் அறிக்கை வெளியான அதே நாளில், சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பதாண்டுக் கணக்கு வெளியாயிற்று. அப்போது டாலின் வயது 91. அவ்வறிக்கையின் சாரம் இது: சிகரெட்டை விடாமல் தொடர்ந்தவர்கள், ஒருபோதும் பிடிக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். அறுபது வயதில் விட்டவர்கள் அவ்விழப்பிலிருந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகளை மீட்டனர். ஐம்பதில் விட்டவர்கள் ஆறு ஆண்டுகளை மீட்டனர். நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது ஆண்டுகளை மீட்டனர். முப்பதில் விட்டவர்கள் ஏறத்தாழப் பத்தையுமே மீட்டனர்.

இதனை இரு வகையாகப் படிக்கலாம். அறுபதிலும் விடுதல் வீண் அன்று. மூன்று ஆண்டுகள் என்பது ஒரு பேரக்குழந்தை நடை பயின்று, பேச்சுப் பயின்று, தாத்தா என அழைத்துக் கைப்பிடித்து நடக்கும் காலம். அதேவேளை, தள்ளிப்போடும் ஒவ்வொரு பத்தாண்டும் ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆயுளை விழுங்குகிறது. 'எப்போது வேண்டுமானாலும் விடலாம்' என்பது உண்மை. ஆனால் எப்போது விட்டாலும் ஒன்றே என்பது உண்மை அன்று.

நுரையீரல் புற்றுநோயைத் தனியே கணக்கிட்டு 2000ஆம் ஆண்டில் பீட்டோவும் டாலும் பிறரும் வெளியிட்ட கட்டுரையும் இதையே கூறுகிறது. பிரிட்டனில் தொடர்ந்து புகைக்கும் ஆண்களுள், பிற நோய்கள் குறுக்கிடாவிடில், 75 வயதுக்குள் அந்நோயால் இறக்கக்கூடியவர் நூற்றுக்கு 16 பேர். அறுபதில் விட்டவருள் 10 பேர். ஐம்பதில் விட்டவருள் 6 பேர். நாற்பதில் விட்டவருள் 3 பேர். முப்பதில் விட்டவருள் 2 பேருக்கும் குறைவு.

இருவர் வாழ்க்கையை இங்கு நினைவுகூரலாம். முப்பத்தேழு வயதளவில் புகையை விட்ட டால், 2005இல் தம் 92ஆம் வயதில் மறைந்தார். அமெரிக்க ஆய்வின் இணை ஆசிரியரான எவார்ட்ஸ் கிரஹாம், 1933இல் புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலையும் அகற்றிய முதல் வெற்றிகரமான அறுவையைச் செய்த பெருமைக்குரியவர். நெடுங்காலம் மிகுதியாகப் புகைத்தவர். தம் ஆய்வின் முடிவு கண்டு அவரும் பின்னர் விட்டார். ஆனால் 1957இல் அதே நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். இருவர் வாழ்க்கையைக் கொண்டு விதி வகுக்க இயலாது. ஆயிரக்கணக்கானோரின் கணக்கே விதியைக் காட்டும். எனினும் அந்த விதி எத்தகையது என்பதை இவ்விருவரின் வாழ்வும் நமக்கு உணர்த்துகிறது.

உடலுக்குள் நிகழ்வது

விட்டபின் உடலில் நிகழ்வன ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. இரத்தத்தில் கலந்திருந்த கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறிவிடுகிறது. உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் இரத்தத்துக்கு மீள்கிறது. சில வாரங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறையத் தொடங்குகின்றன. மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியையும் தூசியையும் மேல்நோக்கித் தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் மீண்டும் தொழிற்படுகின்றன. தொடக்கத்தில் சிலருக்கு இருமலும் சளியும் சற்றுக் கூடுவதுண்டு. அதைக் கண்டு அஞ்சி மீண்டும் பற்றவைப்பவர்களும் உளர், அஞ்ச வேண்டுவதில்லை.

இதயம் விரைவாகத் தேறும் உறுப்பு. புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஓராண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பதினைந்து ஆண்டுகளில் புகைக்காதவரின் நிலையை நெருங்குகிறது. பக்கவாத அபாயமும் சில ஆண்டுகளில் இறங்குகிறது. நுரையீரல் புற்றுநோய் அபாயம் பத்தாண்டுகளில், தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் ஏறத்தாழப் பாதியாகிறது. ஆனால் நெடுங்காலம் புகைத்தவருக்கு அது முற்றிலும் நீங்குவதில்லை.

மூச்சாற்றல் குறித்துச் சார்லஸ் பிளெட்சரும் ரிச்சர்ட் பீட்டோவும் 1977இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் போற்றப்படுகிறது. லண்டனில் பணியாற்றிய ஆண்களை எட்டாண்டுகள் அளந்து அவர்கள் கண்டது இது: வயது ஏற ஏற எல்லோருக்கும் மூச்சாற்றல் சிறிது சிறிதாகக் குறையும், புகையால் பாதிப்புறும் இயல்பினருக்கு அது மிக விரைவாகக் குறையும். விட்டால், இழந்த ஆற்றல் பெரும்பாலும் மீளாது. ஆனால் சரிவின் வேகம் புகைக்காதவரின் வேகத்துக்குத் திரும்பிவிடும். பின்னாளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு இதனை உறுதி செய்தது. பதினோராண்டுக் கணக்கில், விட்ட ஆண்களின் மூச்சாற்றல் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் அளவே குறைந்தது. தொடர்ந்த ஆண்களுக்கு 66 மில்லி லிட்டர் குறைந்தது. இந்த ஆய்வின் சிறப்பு யாதெனில், விடுவதற்கான பயிற்சியை யாருக்கு அளிப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. எனவே பிஷர் எழுப்பிய பிறவி இயல்பு வாதத்துக்கு இங்கு இடமே இல்லை. பயிற்சி பெற்ற குழுவினரிடையே இறப்பும் குறைந்தது என்பதை 2005இல் வெளியான பதினான்கரை ஆண்டுக் கணக்கு காட்டிற்று.

2020இல் பிரிட்டிஷ் அறிஞர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, உயிரணுவின் அளவிலேயே மீட்சியைக் காட்டியது. பதினாறு பேரின் மூச்சுக்குழாய் அணுக்களை ஒவ்வொன்றாக அவர்கள் ஆராய்ந்தனர். புகைப்போரின் அணுக்களில் மரபுப்பொருள் சிதைவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் விட்டவர்களிடம் 20 முதல் 40 விழுக்காடு அணுக்கள், ஒருபோதும் புகைக்காதவரின் அணுக்களைப் போலவே பெரிதும் பழுதின்றி இருந்தன. தொடர்ந்து புகைப்போரிடம் இத்தகைய அணுக்கள் மிகக் குறைவு. எங்கோ ஒதுங்கித் தப்பியிருந்த நல்ல அணுக்கள், புகை நின்றபின் பெருகிப் பழுதுற்ற இடத்தை மெல்ல நிரப்புகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எத்தனையோ ஆண்டுகள் புகைத்த நெஞ்சிலும் அந்த நல்ல அணுக்கள் காத்திருக்கின்றன என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி.

நம் மண்ணில் நடந்த ஆய்வு

'இவையெல்லாம் வெள்ளையரின் சிகரெட் கணக்கு. நம் பீடிக்கு இது பொருந்துமா?' என்னும் ஐயம் எழலாம். அதற்கும் விடை உண்டு. அவ்விடையின் ஒரு பகுதி நம் வாயிலுக்கு மிக அருகிலேயே கிடைத்தது.

சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவலியல் ஆய்வாளர் கஜலட்சுமி, பீட்டோ முதலானோருடன் இணைந்து நடத்திய ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. அது நடந்த இடங்கள் சென்னை நகரமும், நம் ஊர்கள் பல அமைந்த விழுப்புரம் மாவட்டத்தின் சிற்றூர்களும் ஆகும். 1990களில் இறந்த ஏறத்தாழ 43,000 ஆண்களின் இல்லங்களுக்குச் சென்று, அவர்களுடைய பழக்கம் விசாரிக்கப்பட்டது. ஒப்பீட்டுக்காக உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கமும் குறிக்கப்பட்டது.

அவ்வாய்வின் முடிவு மேலைநாட்டார் எதிர்பாராதது. நம் மண்ணில் புகை கொன்றது புற்றுநோயாலும் மாரடைப்பாலும் மட்டுமன்று, காசநோயாலும் ஆகும். புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் அளவு, புகைக்காதவரைப்போல ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களுள் பாதிப்பேரின் இறப்பில் புகைக்குப் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். காசநோயால் மருத்துவக் கல்வியை இழந்த ஹில் தொடங்கிவைத்த ஆய்வு நெறி, அரை நூற்றாண்டு கழித்து விழுப்புரத்துச் சிற்றூர்களில் அதே காசநோயின் மற்றொரு முகத்தை வெளிக்கொணர்ந்தது.

2008இல் பிரபாத் ஜா முதலானோர் இந்தியா முழுமைக்கும் வெளியிட்ட ஆய்வு, பதினொரு லட்சம் இல்லங்களை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி சிகரெட் பிடிக்கும் ஆண்கள் ஏறத்தாழப் பத்து ஆண்டு ஆயுளையும், பீடி பிடிக்கும் ஆண்கள் ஆறு ஆண்டுகளையும், பீடி பிடிக்கும் பெண்கள் எட்டு ஆண்டுகளையும் இழக்கின்றனர். பீடி சிறிது, அதன் தீங்கு சிறிதன்று.

நாம் கொள்ள வேண்டுவன

இவ்வரலாறு நமக்கு உரைப்பவை சில. குறைப்பது வேறு, விடுவது வேறு. நாளொன்றுக்கு ஒரு சிகரெட் மட்டும் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது என்று 2018இல் வெளியான தொகுப்பாய்வு காட்டுகிறது. எனவே குறைத்தல் ஒரு படியாக இருக்கலாம், முடிவாக இருக்கலாகாது. புகையை விட்டுப் புகையிலையை மெல்லத் தொடங்குவதும் விடுதலையன்று. வாய்ப்புற்றுக்கு அது நேர்வழி.

விட முயன்று தோற்றவர்களை இகழ்தல் தகாது. இழுத்த புகையின் நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. அதற்குப் பழகிய மூளை அதனைக் கேட்டு வருத்தும். அவ்வருத்தம் முதற்சில நாள்களில் உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு வாரங்களில் பெரிதும் தணியும். எரிச்சல், உறக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் அக்காலத்தின் குறிகளே. அவை நிலைப்பன அல்ல. ஒரே முயற்சியில் வென்றவரைவிடப் பன்முறை முயன்று வென்றவரே மிகுதி. மன உறுதியோடு மருத்துவரின் துணையும் சேர்ந்தால் வெற்றி எளிதாகும். நிக்கோட்டின் ஈடு செய்யும் மெல்லுபசை முதலானவையும் மருந்துகளும் உள்ளன. நடுவண் அரசின் புகையிலை விடுப்பு உதவி எண் 1800 11 2356, கட்டணமின்றி ஆலோசனை வழங்குகிறது.

இல்லத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. 'இனி என்ன பயன்' என்று தளர்ந்திருக்கும் பெரியவரிடம் அச்சத்தை மட்டும் ஊட்டுவது பயன் தராது. புகை உறையின் மீதுள்ள கோரப் படத்தை அவர் பல்லாயிரம் முறை கண்டு பழகிவிட்டார். அவர் கேட்டிராதது மறுபாதி: அறுபதில் விட்டாலும் மூன்று ஆண்டுகள், ஐம்பதில் விட்டால் ஆறு ஆண்டுகள், நாற்பதில் விட்டால் ஒன்பது ஆண்டுகள். முப்பத்து நான்காயிரம் மருத்துவர்கள் தம் வாழ்வையும் இறப்பையும் கணக்காக அளித்து நமக்கு விட்டுச்சென்ற எண்கள் இவை. விழாவுக்கு உறவினர் அனைவரும் ஒருங்கு கூடும் நாள்களில், இளையோர் எவரேனும் அருகமர்ந்து இவ்வெண்களைப் பரிவோடு எடுத்துரைத்தால், ஒரு பெரியவரேனும் அன்றே தம் கைப்பெட்டியை எறியக்கூடும். அவ்வாறு எறிபவர் எவ்வயதினராயினும், அவருக்கு மீளும் ஆண்டுகள் அன்று முதலே எண்ணப்படும்.